கம்ப்யூட்டரில் முருகனுக்கு ஒரு பாட்டு

என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி எடுத்தார்கள். தைராய்டுதான், கெட்ட கட்டி இல்லை என்றார்கள். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே போகிறது, குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். எங்கள் ஊர் பஜனைக் குழுவில் பெண்கள் பக்கம் முதல் குரல் அவளுடையது. அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

வழக்கமாக நான் மொட்டைதான் வேண்டிக்கொள்வேன். மகள் பிறந்தபோது மொட்டை. கம்பெனியில் வேலை நிரந்தரமானபோது மொட்டை. வீட்டுக்கு மாடி எடுத்தபோதும் மொட்டை. இந்தத் தடவை கொடுப்பதற்குத் தலையில் அவ்வளவாக முடி இல்லை. இல்லாததைக் கொடுக்கிறேன் என்று சாமியை ஏமாற்றக் கூடாது. அதனால், "அவ குரல் திரும்பி வந்தா, என் கையால ஒரு பாட்டு பண்ணி, மியூசிக்கோட, உன் கோயில்ல போட்டு அவளைப் பாட வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பத்தாவது வரை படித்தவன். வல்லம் வடகாலில் கார் சீட் செய்கிற ஒரு கம்பெனியில் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். பஜனையில் ஜால்ரா தட்டுவேன். அதையும் குழுவை நடத்தும் குருசாமி பாதிப் பாட்டில் என் கையிலிருந்து வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்.

குரல் வந்தது. கொஞ்ச நாள் வெறும் காற்றாக வந்தது. அப்புறம் ஒரு காலையில் அடுப்படியிலிருந்து, "பால் பொங்குது, பாத்துகினு நிக்கிறீங்களே" என்று முழுசாகக் கேட்டது. நான் திரும்பி முருகன் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

வேண்டுதலை அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

"இன்னாது, பாட்டா?" என்றாள். "உங்களுக்கு வேற எதுவுமே தோணலியா?"

"தோணல."

"நீங்கதான் சொன்னீங்க, சரி. அவரும் வேணாம்பான்னு சொல்லாம கேட்டுகினு இருந்துட்டாரு பாரு."

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் குழு பால்குடம் எடுத்து வல்லக்கோட்டைக்கு நடந்து போகும். அன்றைக்கே பாட்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். முதலில் குருசாமி வீட்டுக்குப் போய் ஹார்மோனியத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கட்டையை அழுத்தினால் என் விரலுக்குப் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து போனது.

"ஏம்பா, அது ஹார்மோனியம். வண்டி லிவர் இல்ல" என்றார் குருசாமி. "ஸ்ரீபெரும்புதூர்ல ஸ்டுடியோ வெச்சிகினு கீறானுங்க. சொன்னா அவனுங்களே போட்டுக் கொடுத்துடுவானுங்க."

"என் கையாலன்னு சொல்லிட்டேன், சாமி."

"கையாலன்னு ஏன்பா சொன்ன? பாட்டுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

வழி சொன்னது செங்கல்பட்டில் கட்டிக் கொடுத்திருக்கும் என் மகள். அவள் கல்லூரிப் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர் எங்கள் கூடத்து மூலையில் இருந்தது. என் மனைவி பழைய நைட்டித் துணியில் அதற்கு உறை தைத்து மூடி வைத்திருந்தாள். ஆயுத பூஜை அன்று உறையைக் கழற்றிச் சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி மூடுவோம். அதைத் தவிர அதனிடம் நாங்கள் எந்த வேலையும் வாங்கியதில்லை. மகள் போனில், "அதுலயே மியூசிக் பண்ணலாம்ப்பா, சும்மாவே கிடைக்கிற சாஃப்ட்வேர் கீது, நானே இங்கருந்து போட்டு உடுறேன்" என்றாள். அப்படியே செய்தாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து, தானாகப் பெட்டிகளைத் திறந்து மூடியது. என் மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பொண்ணுதானேங்க உள்ள கீறது?" என்று கேட்டாள். பொண்ணுதான் என்றேன். அதற்குப் பிறகும் மானிட்டருக்குக் கொஞ்சம் விபூதி பூசிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

சாஃப்ட்வேர் என்றால் ஏதோ பெரிய படிப்பு என்று பயந்திருந்தேன். திறந்து பார்த்தால் கட்டம் கட்டமாக இருந்தது. வரிசைக்கு ஒரு வாத்தியம். மேல் வரிசை பெரிய மேளம், அடுத்தது சின்ன மேளம், அதற்கும் கீழே ஜால்ரா மாதிரி ஒன்று. வேண்டிய கட்டத்தை அழுத்தினால் அது விளக்கு எரிந்த மாதிரி ஆகிவிடும். ஓட்டினால் இடமிருந்து வலமாக ஒரு கோடு நகரும். எரிகிற கட்டத்தின் மேல் அது வரும்போது அந்த வாத்தியம் அடிக்கும். கடைசிக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து வரும். நான் வேலை செய்கிற இடமும் இப்படித்தான் ஓடுகிறது. உட்கார்ந்த முதல் நாளே எனக்குப் பிடிபட்ட ஒரே கம்ப்யூட்டர் விஷயம் இதுதான்.

முதல் ஷிப்ட் முடித்து வந்து குளித்து, விபூதி வைத்துக்கொண்டு, விளக்கேற்றிய பிறகுதான் அதைத் தொடுவேன். கவிச்சி சாப்பிட்ட நாளில் தொடுவதில்லை. மேளம் மட்டும் ஒருவழியாக நன்றாக வந்தது. ஜால்ராவை யாரும் என் கையிலிருந்து பிடுங்கவில்லை. சந்தோஷத்தில் அதை ஓடவிட்டு, கேட்டுக்கொண்டே தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போவேன். "அந்தக் கும்மு கும்முவ நிறுத்திட்டுப் போங்க, பக்கத்து வூட்ல இன்னாவோன்னு வந்து எட்டிப் பாக்கறாங்க" என்பாள்.

அதற்குள் அவள் பாட்டுக்கு வார்த்தை எழுதிவிட்டாள். "வல்லக்கோட்டை வாசலிலே வந்து நிற்கிறோம், வாய் கொடுத்த உன் பெயரை வாயால் சொல்கிறோம்" என்று ஆரம்பிக்கும். மேளத்தோடு சொல்லிப் பார்த்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னாங்க, முருகான்னு முடிக்கிறதுக்குள்ள அடுத்த முருகா வந்துடறாரு."

"கொஞ்சம் வேகமா சொல்லிப் பாரேன்" என்றேன். பாவம், அப்படியே பழகினாள். மேலே ஒரு எண் இருக்கிறது, அதைக் குறைத்தால் மேளம் நிதானமாகும் என்று மகள் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். குறைத்தேன். அன்றைக்கு என் மனைவி சாப்பாடு போடும்போது கரண்டியைத் தட்டில் ஓங்கித் தட்டினாள்.

மேளம் சரி, மெட்டு வேண்டுமே. மெட்டுக்கு வேறொரு பக்கம் இருந்தது. செங்கல் அடுக்குவது போல மேலும் கீழுமாகச் சின்னச் சின்னக் கோடு வைக்க வேண்டும். மேலே வைத்தால் சுதி ஏறும், கீழே வைத்தால் இறங்கும். நான் வைத்த ஒவ்வொரு மெட்டையும் மனைவிக்குப் போட்டுக் காட்டுவேன். அவளுக்குத் தெரியாத பாட்டு கிடையாது. இரண்டு செங்கல் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவாள்.

"இது சினிமாப் பாட்டு. கதாநாயகி குடத்த எடுத்துகினு வருவா."

இன்னொரு நாள், "இது அம்மன் கோயில் ஸ்பீக்கர்ல காலம்பற போடறது."

இன்னொரு நாள், "இதுவும் சினிமா. ஆனா அவங்களே வேற எங்கியோ இருந்து எடுத்ததுதான்."

ஆடி பிறந்துவிட்டது. நான் என் கையால் செய்து தருகிறேன் என்று சொன்னேனே ஒழிய, என் மண்டைக்குள் இருந்ததெல்லாம் அடுத்தவருடைய பாட்டாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பூஜையில் அதைச் சொல்லி முறையிட்டேன். கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே மனதில் ஒரு மெட்டு வந்தது. சின்ன மெட்டு. மூன்று படி ஏறி, நின்று, ஒரு படி இறங்கி, மறுபடி ஏறும். தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப் போய்ச் செங்கல்களை வைத்தேன். மணி மாதிரி ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுத்து நிதானமாக ஓடவிட்டேன். மனைவி ஈரக் கையோடு வந்து நின்று முழுக்கக் கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள்.

"இது எந்தப் பாட்டும் இல்லங்க" என்றாள். "இது புதுசு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முருகன் கொடுத்த மெட்டு என்று குருசாமியிடம் சொன்னேன், பஜனைக் குழுவில் சொன்னேன், டீக்கடையிலும் சொன்னேன். குழுவுக்கே பாட்டு மனப்பாடம் ஆனது.

ஆடிக் கிருத்திகை அன்று காலை மஞ்சள் உடுத்திப் பால்குடம் எடுத்துக் கிளம்பினோம். சக்கரம் வைத்த ஸ்பீக்கரை நான் இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும் பழைய பாட்டுகளைப் பாடினோம். அங்கே என் கம்பெனி ஆட்கள் சிலர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர் சீட்டுக்கு ஃப்ரேம் செய்கிற லைனில் டீம் லீடர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அமைதியான மனிதர். பெண் குழந்தை பிறந்ததற்காக அவரும் தலையில் பால்குடம் வைத்திருந்தார். வல்லக்கோட்டை ரோட்டில் திரும்பியதும் குருசாமி, "இப்ப உன் பாட்ட போடுப்பா" என்றார். போட்டேன். முதலில் மேளம், பிறகு மெட்டு.

மெட்டு ஆரம்பித்ததுதான் தாமதம், டீம் லீடர் ஓடினார்.

பால்குடத்தோடு ஓடினார். முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, தலையைத் தூக்கி மேலே எதையோ தேடிக்கொண்டு ஓடினார். பால் தோளில் சிந்தியது. மற்ற கம்பெனி ஆட்களும் நடையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள். மேலே கரண்ட் கம்பியைத் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் டீம் லீடருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்திருக்க வேண்டும். நின்றார். மெதுவாகத் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, அத நிப்பாட்டுங்க" என்றார். "இது நம்ம ஃப்ரேம் லைன் ட்யூன்லா."

எங்கள் கம்பெனியில் லைன் நெடுக மேலே ஒரு கயிறு ஓடும். வேலையில் ஏதாவது சிக்கல் என்றால் அங்கே நிற்கும் ஆள் கயிற்றை இழுப்பார். உடனே அந்த லைனுக்கென்று வைத்திருக்கும் ட்யூன் அடிக்கும், மேலே பலகையில் விளக்கும் எரியும். டீம் லீடர் ஓடிப் போய்ச் சரி செய்கிற வரைக்கும் அது நிற்காது. நான் லைனில் நிற்பவன் இல்லை. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு எல்லா லைனையும் கடந்து போகிறவன். எந்த ட்யூன் அடித்தாலும் அதற்கு ஓட வேண்டியவன் வேறு ஆள் என்பதால் காதில் வாங்கிக்கொள்வதில்லை. வாங்கிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கம்பெனியில் அது வேகமாக அடிக்கும். நான் நிதானமாக்கி, கோயில் மணிச் சத்தம் கொடுத்திருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஸ்பீக்கரை நிறுத்தினேன். குருசாமி என் பக்கத்தில் வந்தார்.

"முருகர் கொடுத்தாருன்னியேப்பா. எந்த ஷிப்ட்ல கொடுத்தாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"சரி உடு" என்றார் குருசாமி. "சாமி இன்னா உங்க கம்பெனியிலயா வேல செய்றாரு, தெரிஞ்சிக்க? எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடுச்சி. அப்டியே போட்டுடு."

"அவருக்குத் தெரியாதது இன்னா கீது?" என்றாள் என் மனைவி.

டீம் லீடர் தோளில் சிந்திய பாலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, ஒங்க வேண்டுதல நான் குத்தம் சொல்லல. இந்த ட்யூன் கேட்டாலே எனக்குக் கண்ணு மேல பலகையத் தேடும். வீட்டுல மிக்ஸி ஓடுனாக்கூட இதுதான் கேக்கு. சன்னதியில இத போட்டியன்னா எனக்குக் கும்பிடத் தோணாது. ஓடத்தான் தோணும்."

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் மகளுக்காகப் பால்குடம் சுமந்து வருகிறான், அவன் கும்பிட முடியாத பாட்டை நான் எப்படிச் சாமிக்குப் போடுவேன்? என் கையால் செய்தது என்றும் அதைச் சொல்ல முடியாது. மிச்ச வழியெல்லாம் ஸ்பீக்கரைச் சும்மா இழுத்துக்கொண்டு நடந்தேன். சன்னதியில் கூட்டம் தள்ளியது. "பாட்டு வேற ஒருத்தருதா போச்சு, கொஞ்சம் டைம் கொடு" என்று கேட்பதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து குழு பழைய பாட்டுகளைப் பாடியது. என் மனைவி நன்றாகத்தான் எடுத்துக் கொடுத்தாள். அவள் குரல் கணீரென்று கேட்கக் கேட்க எனக்குக் கடன்காரன் போல இருந்தது.

திரும்பி வந்து மெட்டை அழித்தேன். மேளத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை எந்த மெட்டு மனதில் வந்தாலும் சந்தேகமாக இருந்தது. ஒன்று லாரி பின்னால் வரும்போது அடிக்கும் சத்தம். ஒன்று மாடி வீட்டுக்காரரின் வாஷிங் மெஷின் துணி துவைத்து முடித்ததும் பாடுவது. ஒன்று என் போனே அடிப்பது. நாள் முழுக்க இத்தனை பாட்டு காதுக்குள் போகிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் திரை முன்னால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பின்கட்டிலிருந்து அவள் கூப்பிட்டாள். "தண்ணி வந்துடுச்சி, மோட்டரப் போடுங்க." அந்தக் குரல் தாழ ஆரம்பித்து, 'மோட்டர' என்பதில் ஏறி, 'போடுங்க' என்பதில் சரிந்து இறங்கியது. நான் மோட்டாரைப் போடாமல், அவள் குரல் ஏறின இடத்தில் ஒரு செங்கல்லும் இறங்கின இடத்தில் ஒரு செங்கல்லும் வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் தண்ணீர் வந்துவிட்டதென்று அவள் கூப்பிடுகிற மாதிரியே கேட்டது.

மறுநாள் அவளை உட்கார வைத்து, பாட்டின் வரிகளைப் பாடாமல் சும்மா சொல்லச் சொன்னேன்.

"சும்மா சொல்றதுக்கு எதுக்குங்க மியூசிக்?"

"நீ சொல்லேன். எதிர்ல முருகர் நிக்கிறாருன்னு நெனச்சிகினு சொல்லு."

சொன்னாள். அவள் சாமியிடம் பேசும்போது எங்கே குரலை ஏற்றுவாள், எங்கே இழுப்பாள், எங்கே கோபித்துக்கொள்வாள் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டியே செங்கல்லை வைத்துக்கொண்டே போனேன். பல நாள் பிடித்தது. அப்போதுதான் ஒன்று கவனித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு, குரல் மேலே போகிற இடத்துக்கு முன்னால் அவள் ஒரு துளி நிற்கிறாள். வெளியே தெரியாமல் நின்று, பிறகு ஏறுகிறாள். பஜனையில் மற்றவர்கள் சத்தத்தில் அது மறைந்துவிடுகிறது. யாரிடமும் அவள் சொன்னதில்லை, என்னிடமும். அந்த இடத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இந்தத் தடவை இரண்டு பேரிடம் காட்டித்தான் வெளியே விடுவது என்று வைத்துக்கொண்டேன். சினிமாவுக்கு மனைவி, கம்பெனிக்கு டீம் லீடர். மனைவி கண்ணை மூடிக் கேட்டாள்.

"எங்கியோ கேட்ட மாதிரி கீதுங்க. ஆனா எந்தப் படம்னு வரல."

யோசித்துப் பார் என்றேன். யோசித்தாள், வரவில்லை.

டீம் லீடர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் காதைக் கொடுத்தார். கால் அசைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த லைன்லயும் இது இல்ல அண்ணாச்சி. தைரியமா போடுங்க." கொஞ்சம் யோசித்து, "நடுவுல ஒரு எடம் காலியா கெடக்கே, சத்தம் வைக்க மறந்துட்டியளோ?" என்றார்.

"அது அப்படித்தான், தம்பி."

"அப்பம் சரி" என்று டீயை எடுத்துக்கொண்டார்.

அடுத்து வந்த கிருத்திகைக்கு லீவு போட்டு, மனைவி, குருசாமி, டீம் லீடர், நான் என்று நான்கு பேரும் பஸ்ஸில் வல்லக்கோட்டைக்குப் போனோம். அர்ச்சனை முடித்துவிட்டு வெளிப் பிராகாரத்தில் ஓரமாக நின்றோம். பெரிய ஸ்பீக்கர் கொண்டு வரவில்லை. மகள் கொடுத்த சின்ன ஸ்பீக்கரை மதில் ஓரத்தில் வைத்து, சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டேன். மனைவி சேலையைச் சரி செய்துகொண்டு பாட ஆரம்பித்தாள். வீட்டில் வாய்க்குள் முனகிப் பழகினாளே தவிர, தனியாக அவள் வாய்விட்டுப் பாடி நான் கேட்டது ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. டீம் லீடர் கையைக் கூப்பியபடி நின்றார். கால் ஆடவில்லை. மேல் சுதிக்கு முன்னால் இருந்த அந்தக் காலிக் கட்டம் வந்தது. நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் அங்கே நின்று மூச்சை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

காக்கிச் சட்டை போட்ட கோயில் காவலாளி ஒருவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். "ஸ்பீக்கரெல்லாம் இங்க கூடாதுங்க" என்று தொடங்கியவர், அவள் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் என்னிடம் திரும்பினார்.

"முடிஞ்சிடுச்சி இல்ல?"

"முடிஞ்சிடுச்சிங்க" என்றேன்.

"அப்ப எடுத்து உள்ள வைங்க."

எடுத்துப் பைக்குள் வைத்தேன். மனைவி தண்ணீர் கேட்டாள்.